அச்சேறிய அத்வைதம்: புனே ஆனந்தாசிரமத்தின் பணி

1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்ததை ஒரு யுகத்தின் தொடக்கமாகவே தமிழர்கள் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு அடுத்த ஆண்டு, 1888-இல், புனே நகரின் புதவார் பேட்டையில் மகாதேவ் சிம்ணாஜி ஆப்தே என்ற வழக்கறிஞர் தம் சொந்தச் செல்வத்தைக் கொண்டு ஆனந்தாசிரமம் என்ற நிலையத்தை நிறுவினார். சுவடிகளைச் சேர்ப்பது, அவற்றை ஒப்புநோக்குவது, திருத்தமான பாடத்தை அச்சிடுவது என்ற மூன்று வேலைகளும் அங்கே நடந்தன. ஆனந்தாசிரம சம்ஸ்கிருத நூல்வரிசை என்ற பெயரில் வெளிவந்த அந்தப் புத்தகங்களின் முதல் அணியிலேயே சங்கரரின் உபநிடத பாஷ்யங்கள் வரிசையாக இடம்பெற்றன. பின்னாளில் சங்கரரை ஆராய்ந்தவர்களும் மொழிபெயர்த்தவர்களும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த பதிப்புகளில் அவை முக்கியமானவை. ஆனால் அத்வைதத்தின் வரலாற்றைச் சொல்லும்போது கௌடபாதர், சங்கரர், சுரேசுவரர், வித்யாரண்யர் என்று ஆசாரியர்களின் பெயர்களைச் சொல்கிறோமே தவிர, அவர்களுடைய சொற்களைப் பிழை நீக்கி நம் கையில் சேர்த்தவர்களைச் சொல்வதில்லை. அந்த உழைப்பை வெறும் பதிப்பு வேலையாக ஒதுக்கிவிடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நூலின் பாடத்தைச் சரிபார்ப்பது அத்வைத சாதனைக்கு வெளியே நிற்கும் வேலை அன்று. அந்த மரபின் சொந்த விதிகளின்படியே அது சாதனையின் முதற்படியில் அடங்கும். இதற்குப் புனேயும் அதைச் சூழ்ந்த மராட்டிய நாடும் வலுவான சான்று தருகின்றன.

இந்த வாதம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சங்கரரின் மரபில் பிரம்ம ஞானத்துக்குப் பிரமாணம் சுருதி வாக்கியம். புலன்களோ அனுமானமோ அந்த ஞானத்தைத் தர முடியாது. தியானமும் சொல் தந்த அறிவை நிலைப்படுத்தத்தான் உதவும் என்பது அந்த மரபின் மையக் கருத்து. சிரவணம் (கேட்டல்), மனனம் (சிந்தித்தல்), நிதித்தியாசனம் (ஆழ்ந்து தியானித்தல்) என்ற வரிசையில் சிரவணம் முதலில் நிற்பது இதனால்தான். சொல்லே கருவி என்று கொள்கிற ஒரு தத்துவத்தில், சொல் பிழைபட்டால் கருவியே பிழைபட்டுவிடும். ‘வேதத்தைத்தான் ஓதும் மரபு எழுத்துப் பிசகாமல் காத்துவிட்டதே, அச்சும் பாடபேதமும் எதற்கு?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத பாடம், கிரம பாடம், கன பாடம் என்று பல வகையில் மாற்றி மாற்றி ஓதிக் காத்த மந்திரங்களுக்கு அது பொருந்தும். பாஷ்யங்களுக்குப் பொருந்தாது. சங்கரரின் உரைநடையையோ அதன்மேல் ஆனந்தகிரி எழுதிய டீகையையோ யாரும் கனபாடமாக ஓதிக் காக்கவில்லை. அவை தாளிலும் ஓலையிலும்தான் வாழ்ந்தன. படியெடுத்தவர் கண் அயர்ந்த இடங்களில் ஒரு வரி விழுந்தது, ஓரத்தில் எழுதிய குறிப்பு உள்ளே புகுந்தது, எதிராளியின் கட்சியும் சித்தாந்தமும் ஒன்றோடொன்று கலந்தன. பாஷ்யத்தில் இந்தக் கடைசிப் பிழை மிகவும் கொடியது. மறுப்பதற்காகச் சங்கரர் எடுத்துச் சொன்ன கருத்தை அவருடைய கருத்தாகவே வாசகர் நம்பிவிடுவார்.

ஆனந்தாசிரமத்தார் இதற்குக் கண்ட வழி எளியது, ஆனால் கடுமையான உழைப்பைக் கேட்டது. அவர்கள் பதிப்பில் ‘ஆதர்ச புஸ்தகோல்லேக பத்திரிகை’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கும். எந்தெந்தச் சுவடிகளைப் பார்த்தார்கள், அவை எந்த ஊரில் யாரிடமிருந்து வந்தவை, மூலம் மட்டும் உள்ளவையா, பாஷ்யமும் டீகையும் சேர்ந்தவையா என்பதெல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுவடிக்கும் க, க², க³ என்பதுபோல நாகரியில் ஓர் எழுத்துக் குறி. பக்கத்தின் மேலே உபநிடத மூலம், அதன் கீழ் சங்கர பாஷ்யம், அதற்கும் கீழ் டீகை, அடியில் சிறிய எழுத்தில் பாடபேதங்கள். எந்தச் சுவடியில் எந்தச் சொல் வேறுபடுகிறது என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம். புனேயிலிருந்து மட்டும் அல்லாமல் இந்தூர், பரோடா போன்ற ஊர்களில் இருந்த குடும்பங்களும் தங்கள் வீட்டுச் சுவடிகளை இரவலாகத் தந்திருக்கின்றன. அந்தக் குடும்பத் தலைவர்களின் பெயர்களை மரியாதையோடு அச்சிட்டிருக்கிறார்கள். புறநானூற்றின் முன்னுரையில் ஐயரவர்கள் சுவடி தந்தவர்களை நன்றியோடு குறிப்பிட்ட அதே பண்பு இது. புனேயும் தமிழ்நாடும் ஒன்றையொன்று பாராமலே ஒரே காலத்தில் இந்த நேர்மையை வந்தடைந்திருக்கின்றன. தலைப்புப் பக்கத்தில் உலோக எழுத்துகளால் அச்சிட்டது என்ற செய்தி, சாலிவாகன சக ஆண்டு, கிறித்துவ ஆண்டு, அரசச் சட்டப்படி உரிமை பெற்றது என்ற அறிவிப்பு, விலை ஆகிய அனைத்தும் சமஸ்கிருதத்திலேயே இருக்கும். விலை அச்சிட்ட ஒரு பிரம்ம சூத்திர பாஷ்யம்! மடத்தின் படிக்கட்டில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், பணம் கொடுத்தால் கிடைக்கும் என்பதுதான் அந்தச் சிறு வரியின் செய்தி. அதை ஒரு பெரிய மாறுதலாகவே நான் கருதுகிறேன்.

வரிசையைப் பார்த்தால் ஆப்தேயின் திட்டமும் புலப்படும். 5-ஆம் எண்ணில் ஈசாவாசியம் தொடங்கி, கேனம், கடம், பிரச்னம், முண்டகம் என்று போய், 10-ஆம் எண்ணில் கௌடபாதரின் காரிகைகளோடு மாண்டூக்கியம், 12-இல் தைத்திரீயம், 14-இல் சாந்தோக்கியம், 15-இல் பிருகதாரண்யகம். அதை ஒட்டியே சுரேசுவரர் பிருகதாரண்யக பாஷ்யத்தின்மேல் எழுதிய மாபெரும் வார்த்திகம். 20-ஆம் எண் வித்யாரண்யரின் ஜீவன்முக்தி விவேகம். 21-ஆம் எண் பிரம்ம சூத்திர பாஷ்யம். 29-ஆம் எண் 32 சிறு உபநிடதங்களின் தொகுப்பு. 34-ஆம் எண் கீதா பாஷ்யம். உபநிடதம், சூத்திரம், கீதை என்ற மூன்று பிரஸ்தானங்களையும், அவற்றை வாழ்க்கையில் கொண்டுசெலுத்த வழிகாட்டும் ஒரு நூலையும் முறையாக அடுக்கியிருக்கிறார். கைக்கு வந்ததை வந்தபடி அச்சிட்ட வேலை அல்ல இது. முக்தியை நாடும் ஒரு முமுட்சு எதைப் படிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்த ஒருவரின் தேர்வு.

அச்சில் இவர்கள் முதல்வர்கள் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராம்மோகன் ராய் 1815-லேயே வேதாந்த நூலை வங்காளியில் அச்சிட்டார். கல்கத்தாவின் ‘பிப்லியோதிகா இண்டிகா’ வரிசையில் ரோயர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1850-ஐ ஒட்டி உபநிடதங்களைச் சங்கர பாஷ்யத்தோடு பதிப்பித்தார். பம்பாய் அரசின் கல்வித் துறை 1860-களின் இறுதியில் தொடங்கிய பம்பாய் சம்ஸ்கிருத நூல்வரிசை கீல்ஹார்ன், பூலர் ஆகியோரின் கண்காணிப்பில் நடந்தது. கீல்ஹார்ன் அப்போது புனே டெக்கான் கல்லூரியில்தான் இருந்தார். சுவடிகளுக்குக் குறியிட்டுப் பாடபேதம் காட்டும் முறை புனேக்கு வந்த வழியில் ஐரோப்பியப் படிப்புக்குப் பங்கு உண்டு. ஆகவே ஆனந்தாசிரமம் அயல்முறையின் நகல்தானே என்று கேட்கலாம். அப்படிச் சொல்வது முழு உண்மை ஆகாது. அரசு வரிசைகளும் கல்கத்தா வரிசையும் அறிஞருக்காகப் பதிப்பித்தன. ஆனந்தாசிரமம் அரசு மானியத்தில் பிறந்தது அல்ல. பாடசாலைப் பண்டிதர்களே அதன் பதிப்பாசிரியர்கள். அவர்களுக்கு அந்த நூல்கள் ஆராய்ச்சிப் பொருள் மட்டும் அல்ல, நாள்தோறும் பாடம் சொன்ன நூல்கள். பழைய மராட்டியச் சாஸ்திரிகளின் படிப்பும் புதிய பதிப்பு முறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. ஆப்தேக்குப் பின் நிலையத்தை நடத்தியவர் அவருடைய அண்ணன் தம்பி வழி உறவினரான ஹரி நாராயண் ஆப்தே, மராட்டி நாவலின் தந்தை என்று போற்றப்படுபவர். கைம்பெண்களின் துயரத்தை ‘பண லக்ஷாத் கோண் கேதோ’ நாவலில் எழுதியவர், ‘கரமணூக்’ வார இதழை 1890-இல் தொடங்கியவர். அந்தக் கைகளே பாஷ்யப் பதிப்பையும் கவனித்துக்கொண்டன.

அதோடு, பாடத்தைச் சுத்தி செய்வது மராட்டிய மண்ணுக்கு அந்நியமான பழக்கமும் அன்று. புனேக்கு அருகிலுள்ள ஆளந்தியில் 1296-இல் ஜீவசமாதி அடைந்ததாகச் சொல்லப்படும் ஞானேசுவரர், அதற்கு ஆறு ஆண்டு முன்பு நேவாசாவில் கீதைக்கு ஏறத்தாழ 9000 ஓவிகளில் (செய்யுள்களில்) ஞானேசுவரி என்ற மராட்டி உரையைச் செய்தார். சங்கரர் போன வழியைக் கேட்டறிந்து போகிறேன் என்ற பணிவு அதில் உண்டு. ஆனாலும் அவர் வெறும் வழிமொழிபவர் அல்லர். தமது ‘அம்ருதானுபவ’த்தில் அவித்தை என்ற கோட்பாட்டையே நீண்ட அத்தியாயத்தில் எடுத்து மறுத்து, உலகை ஒரே சைதன்யத்தின் விளையாட்டாகக் கண்டார். இத்தகைய நூலைப் பாடுவோர் பாட, எழுதுவோர் எழுத, 300 ஆண்டுகளில் பாடம் கலங்கிவிட்டது. பைடணைச் சேர்ந்த ஏகநாதர் சக ஆண்டு 1506-இல், அதாவது 1584-இல், பல படிகளைச் சேர்த்துப் பார்த்து ஞானேசுவரியின் பாடத்தைத் திருத்தினார். இனி யாரும் தம் ஓவியை உள்ளே நுழைக்கக் கூடாது என்று எச்சரித்தார். ஏகநாதர் ஞானியாகவும் கவிஞராகவும் மதிக்கப்பட்டவர். தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகியதற்காக வைதிகரின் சினத்துக்கு ஆளானவர். அப்படிப்பட்டவர் பிரதிகளை ஒப்பிடும் வேலையில் உட்கார்ந்ததைத் தம் ஆன்மிக வாழ்வின் இடைவேளையாகக் கருதினார் என்று யாரும் சொல்லவில்லை. மராட்டிய பக்தி மரபினரான வாரகரிகளின் நினைவில் அது அவருடைய பெரும் பக்திச் செயல்களில் ஒன்று. பின்பு 1909-இல் வரலாற்றாய்வாளர் வி.கா.ராஜவாடே வேறொரு பழைய சுவடியிலிருந்து ஞானேசுவரியை அச்சிட்டு, இது ஏகநாதருக்கும் முந்திய பாடம் என்று வாதாடினார். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. தீராதது நல்லதே, தெய்வமாக வணங்கும் நூலின் பாடத்தையும் கேள்விக்கு உட்படுத்தலாம் என்ற துணிவு அங்கே நிலைத்துவிட்டது.

இனி எதிர்வாதங்களில் மிக வலுவானதைப் பார்ப்போம். அத்வைதம் குருவின் வாயிலாகப் பெறுவது. புத்தகத்தைத் திருத்தி என்ன, திருத்தாமல் என்ன என்பது அது. திருவண்ணாமலையே இதற்குச் சான்று என்பார்கள். 1896-இல் மதுரையில் தம் 16 வயதில் மரண அனுபவம் வழியாகத் தன்னை அறிந்த ரமணர், அதற்கு முன் வேதாந்த நூல் எதையும் படித்தவர் அல்லர். உண்மைதான். ஆனால் அதே ரமணர் மலைமீது விருபாட்ச குகையில் இருந்தபோது விவேக சூடாமணியைத் தமிழ் உரைநடையில் ஆக்கினார். தமக்குத் தேவைப்படாத நூல் தம்மிடம் வருகிறவருக்குத் தேவைப்படும் என்று அவர் அறிந்திருந்தார். வித்யாரண்யரும் ஜீவன்முக்தி விவேகத்தில் ஞானம் பெற்றதோடு நின்றுவிடாமல் வாசனைகளைக் கரைப்பதையும் மனத்தை அடக்குவதையும் பற்றி விரிவாக எழுதுகிறார். அப்படி எழுதும்போது யோக வாசிஷ்டத்திலிருந்து ஏராளமான சுலோகங்களை மேற்கோளாக எடுத்தடுக்குகிறார். ஞானிகள் நூலை விட்டதாகச் சொல்லப்படும் இடங்களில்கூட நூல் அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறது. குருவின் இடத்தைப் புத்தகம் பிடிக்க முடியாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் குருவும் எதையோ கையில் வைத்துத்தான் பாடம் சொல்கிறார். அது பிழைபட்டிருந்தால் அவருடைய உழைப்பில் ஒரு பகுதி பிழையோடு போராடுவதிலேயே கழிந்துவிடும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. யாருக்காக இந்தப் புத்தகங்கள்? புதவார் பேட்டையில், ஆனந்தாசிரமத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான், ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1848-இல் பெண்களுக்கான பள்ளியைத் திறந்த பிடே வாடா இருந்தது. பேஷ்வாக்கள் ஆவணி மாதத்தில் பிராமணப் பண்டிதர்களுக்கு வழங்கிவந்த தட்சிணையை ஆங்கிலேயரும் ஒரு நிதியாகத் தொடர்ந்தார்கள். அதில் ஒரு பகுதியை மராட்டி நூல்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1849-இல் சீர்திருத்தக்காரர்கள் மனு அளித்தபோது வைதிகர்கள் கொதித்தார்கள். மனுக்காரர்களுக்குப் பாதுகாப்பாகப் பூலே நின்றார். சமஸ்கிருதத்தில் முன்னுரை, சமஸ்கிருதத்தில் விலை, நாகரியில் பாடபேதம் என்று வந்த ஒரு பதிப்பு பூலேயின் மாணவிக்கு எந்தக் கதவையும் திறக்கவில்லை. இதை மறைக்க முடியாது. எல்லா உயிரும் ஒன்றே என்று சொல்லும் நூல், ஒரு சிலர் மட்டுமே படிக்கும் மொழியில் அடைந்து கிடந்தது அந்தத் தத்துவத்துக்கே நேர்ந்த குறை. ஆயினும் காலவரிசையை மறந்துவிடக் கூடாது. அச்சில் நிலைபெற்ற மூலத்தின் துணையோடுதான், 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் விஷ்ணு வாமன் பாபட் சாஸ்திரி சங்கரரின் பாஷ்யங்களை ஒவ்வொன்றாக மராட்டியில் தர முடிந்தது. நம் பக்கத்து அனுபவம் சற்று வேறு. தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் போன்ற நூல்கள் அச்சுக்கு நெடுங்காலம் முன்பே தமிழில் இருந்தன; காரைக்குடிக்கு அருகிலுள்ள கோவிலூர் மடம் பிராமணர் அல்லாத துறவிகளின் வழியாகத் தமிழிலேயே வேதாந்தப் பாடம் நடத்தியது. தமிழில் கதவு முதலிலேயே திறந்திருந்தது. மராட்டியில் ஞானேசுவரர் திறந்த கதவு பக்தியின் பக்கம் அகன்றும் சாஸ்திரத்தின் பக்கம் ஒடுங்கியும் இருந்தது.

பாடம் நிலைபெற்றபின் பொருளைப் பற்றிய சண்டை தெளிவடைகிறது என்பதற்கும் புனேயே எடுத்துக்காட்டு. மாண்டலே சிறையில் பென்சிலால் எழுதி, 1915-இல் திலகர் வெளியிட்ட ‘கீதா ரகசியம்’ அத்வைதத்தை ஒப்புக்கொண்டே, கீதை சந்நியாசத்தை அல்ல, செயலைத்தான் சொல்கிறது என்று சங்கரரோடு மோதியது. சங்கர பாஷ்யம் கைக்கெட்டும் விலையில் அச்சில் இருந்த நகரத்தில், வாசகர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தாமே முடிவு செய்ய முடிந்தது. மாண்டூக்கிய காரிகையின் கதையும் இப்படியே. 1943-இல் கல்கத்தாவில் விதுசேகர பட்டாசார்யர் கௌடபாதரின் நூலைப் பௌத்தத்தோடு நெருக்கமாகப் பிணைத்துப் பதிப்பித்தார். அதற்கு மறுமொழிபோல 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டி.எம்.பி.மகாதேவனின் கௌடபாத ஆய்வை வெளியிட்டது; 1953-இல் புனே பண்டார்கர் நிறுவனம் ஆர்.டி.கர்மர்கரின் காரிகைப் பதிப்பைக் கொண்டுவந்தது. சென்னையும் புனேயும் ஒரே கேள்விக்கு ஓராண்டு இடைவெளியில் விடை தேடின.

இந்தத் தேடல் சாதகரைச் சங்கடப்படுத்தும் இடமும் உண்டு. சங்கரர் பெயரில் வழங்கும் நூல்கள் ஏராளம். மடங்களின் தலைவர்கள் அனைவருக்கும் அதே பட்டம் இருந்ததால் பிற்கால நூல்கள் பலவும் ஆதிசங்கரர் கணக்கில் சேர்ந்துவிட்டன. 1910-இல் ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் அச்சகம் சங்கரரின் நூல்களை 20 அழகிய தொகுதிகளாக வெளியிட்டபோது மரபு தந்த அனைத்தையும் ஒன்றாக வைத்தது. புனேயின் எஸ்.கே.பெல்வல்கர் 1929-இல் வெளியான தம் வேதாந்தச் சொற்பொழிவுகளில் எவை உண்மையில் அவருடையவை என்று சலித்துப் பார்த்தார். ரமணர் தமிழாக்கிய விவேக சூடாமணியையே ஆதிசங்கரர் எழுதியிருக்க முடியாது என்று இங்கால்ஸ் போன்ற ஆய்வாளர்கள் பிற்பாடு வாதிட்டார்கள். நூல் நன்மை தருமானால் ஆசிரியர் யாராயிருந்தால் என்ன என்பது பக்தரின் பதில். பாராயணத்துக்கு அது போதும். ஆனால் சங்கரர் இப்படிச் சொன்னார் என்று ஒரு கொள்கையை நிறுவ வரும்போது போதாது. நிர்விகல்ப சமாதிக்கு விவேக சூடாமணி தரும் இடம் சூத்திர பாஷ்யத்தில் இல்லை. இரண்டையும் ஒருவரே எழுதினார் என்று எடுத்துக்கொண்டால், சொல்லால் ஞானம் என்ற அவருடைய அடிப்படை நிலைப்பாடே மங்கிப்போகிறது. பாடத்தையும் ஆசிரியரையும் பிரித்தறிவது இங்கே சாதனையின் வழியையே மாற்றுகிறது.

ஆனந்தாசிரமத்துக்குச் சுவடி தந்த குடும்பங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. துணியில் கட்டிவைத்திருந்த தாள்களை எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அது இல்லாமல் அந்தப் பதிப்புகள் இல்லை. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் எத்தனையோ வீடுகளின் பரண்களில் வேதாந்த ஏடுகள், கைவல்யமோ ஞானவாசிட்டமோ பெயர் தெரியாத உரையோ, செல்லரித்துக் கிடக்கலாம். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், பூசையறையில் வைத்துச் சந்தனம் தடவ வேண்டாம். சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகமோ, தஞ்சை சரசுவதி மகாலோ, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமோ, உ.வே.சா. நூலகமோ, எது அருகில் இருக்கிறதோ அங்கே காட்டுங்கள். படம் எடுத்துக்கொள்ளவாவது கொடுங்கள். வேதாந்த நூலைத் தமிழில் பதிப்பிப்பவர்களும் எந்தச் சுவடியை, எந்தப் பதிப்பைப் பின்பற்றினோம் என்று முன்னுரையில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுத வேண்டும்.